கணக்கியல் கல்வி: 'மனப்பாடக் கற்றல்' என்ற சொல் வேண்டாம், 'மேலோட்ட அணுகுமுறை' என்போம்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

பல்கலைக்கழக மாணவர்கள் கணக்கியலைப் படிக்கும் இரு விதங்களை ஆங்கிலத்தில் surface approach, deep approach என்கிறார்கள். அவற்றுக்குத் தமிழில் முறையே 'மனப்பாடக் கற்றல்', 'ஆழக்கற்றல்' என்று முன்மொழிந்திருக்கிறீர்கள். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தப் பாகுபாடு சுவீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டன், சால்யோ இருவரும் 1976இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. மாணவர்களிடம் ஒரு கட்டுரையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். கேள்வி எங்கிருந்து வருமோ என்று சிலர் வரிகளைப் பிடித்துக்கொண்டார்கள். எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்று சிலர் தேடினார்கள். நோக்கம்தான் வேறு, நினைவாற்றல் அல்ல.

கணக்கியலில் இது பளிச்சென்று தெரியும். ரொக்கம் வந்துபோவதைக் காட்டும் ரொக்க ஓட்ட அறிக்கையில், நிகர லாபத்தோடு தேய்மானத்தை (சொத்து தேய்வதற்காகச் செலவாக எழுதும் தொகையை) கூட்டுகிறோம். 'கூட்டணும், அவ்வளவுதான்' என்று வைத்துக்கொண்டவரும் தேர்வில் தேறிவிடுவார். தேய்மானம் லாபத்தைக் குறைத்ததே தவிர ரொக்கம் எதுவும் வெளியே போகவில்லை என்று பிடித்துக்கொண்டவரோ, நற்பெயரின் (goodwill) மதிப்பைச் செலவாகப் போக்கெழுதும்போதும் சொத்து விற்ற நட்டம் வரும்போதும் தானே வழி கண்டுகொள்வார். ஆனால் இருவருமே பற்று வரவு விதிகளைப் பாடம் பண்ணியவர்கள்தான், ஒரே கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போட்டவர்கள்தான். சீன, ஹாங்காங் மாணவர்களைப் பற்றிய ஆய்வுகளும், புரிந்துகொள்வதற்காகவே மனப்பாடம் செய்பவர்கள் உண்டு என்று காட்டின. மனப்பாடத்தின் மேல் பழியைப் போட்டால் கருத்தே திரிந்துவிடும்.

'ஆழக்கற்றல்' என்ற சொல் செயற்கை நுண்ணறிவுத் துறையில் deep learning என்பதற்கு ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. அதனால் பொருளைத் தேடிப் படிக்கும் விதத்தை 'தோய்வு அணுகுமுறை' என்கிறேன்; கல்வியில் தோய்ந்தவர் என்பது நம் பழைய வழக்குதானே. வரிகளை மட்டும் பிடித்துக்கொள்ளும் மற்ற விதம் 'மேலோட்ட அணுகுமுறை'. மதிப்பெண்ணைக் குறிவைத்துப் படிக்கும் மூன்றாவது வகையை கல்வி உளவியலாளர் ஜான் பிக்ஸ், படிக்கும் விதத்தை அளக்கும் தன் 1987 வினாநிரலில் சேர்த்திருந்தார். 2001இல் திருத்தியபோது இரண்டாகச் சுருக்கிவிட்டார்கள். இப்போதைக்கு இரண்டு போதும்.

'அணுகுமுறை' என்பதை மட்டும் வெட்டிவிடாதீர்கள். வெட்டினால் அது மாணவரின் குணம் போல ஆகிவிடும். பாடச்சுமை அதிகமாகி, தேர்விலும் பழைய கணக்கே எண்ணை மாற்றிக்கொண்டு வந்தால், ஆர்வமுள்ளவரும் மேலோட்டமாகத்தான் படிப்பார். கற்பித்தல் தரம் பற்றிய பேச்சு இந்தச் சொற்களோடு சேர்ந்தே வருவது அதனால்தான்.

மாற்றுச் சொல் தருபவர்கள் இந்த வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: 'தேர்வு முறையை மாற்றியதும் அதே வகுப்பு மேலோட்ட அணுகுமுறையிலிருந்து தோய்வு அணுகுமுறைக்கு நகர்ந்தது.' உங்கள் சொல் இதில் பொருந்தினால், எனக்கும் சம்மதம்.