புதுப்பிப்பு: ஈறு இறங்கியதற்கு ஊசித்துளை சிகிச்சை செய்துகொண்டேன்

மேல் கோரைப்பற்களில் ஈறு இறங்கி வேர் தெரிகிறது, அண்ணத்திலிருந்து சதை எடுத்து ஒட்டுவதா, ஊசித்துளை முறையா என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டாவதைச் செய்துகொண்டேன்.

மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு மேலே, உதட்டுக்கு உட்புறமுள்ள மென்சதையில் 2–3 மி.மீ. துளை ஒன்று போட்டார்கள். அதன் வழியே வளைந்த கருவியை நுழைத்து, ஈறை எலும்பிலிருந்து மெல்லத் தளர்த்தி, வேரை மூடும்படி கீழே இறக்கினார்கள். அது நகராமலிருக்க உள்ளே கொலாஜன் என்ற புரதத்தாலான துண்டுகள் வைத்தார்கள். தையலே கிடையாது. கொலாஜன் பெரும்பாலும் விலங்குத் திசுவிலிருந்து வருவது. தயக்கம் உள்ளவர்கள் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வீக்கம் இருந்தது, வலி தாங்கும்படிதான். சிரமம் அதன்பிறகுதான்: அந்த இடத்தில் பல வாரம் பிரஷ் படக்கூடாது, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கொப்பளிப்பு மட்டும். உதட்டைத் தூக்கிப் பார்க்கவே கூடாது, ஈறு நழுவிவிடும்.

இப்போது வேர் மூடியிருக்கிறது, குளிர்ந்த நீர் கூசவில்லை. ஆனால் எல்லோருக்கும் இதைப் பரிந்துரைக்கமாட்டேன். ஈறு மிக மெல்லியதாக இருந்தால் அண்ணத்துச் சதை ஒட்டுதான் தடிமன் தரும். பற்களுக்கிடையே எலும்பு கரைந்திருந்தால் எந்த முறையிலும் முழுதாக மூடாது. ஈறு நோய் இருந்தால் முதலில் அதற்குத்தான் சிகிச்சை.