ஆப்ட்-அவுட்: ‘விலகல்’ பொருந்துமா?

வணக்கம்.

நம் தரவுப் பாதுகாப்புக் கலைச்சொல் பட்டியலில் ஆப்ட்-அவுட்டுக்கு (opt-out: தன் தரவை இப்படிப் பயன்படுத்த வேண்டாம் என்று பயனர் சொல்வது) ‘விலகல்’ என்று இட்டிருக்கிறோம். மாற்றியே ஆகவேண்டும். உள்ளே இருப்பவர்தான் விலக முடியும். 2020 சனவரி 1 முதல் நடப்பிலுள்ள கலிபோர்னிய நுகர்வோர் தனியுரிமைச் சட்டத்தில் பயனர் எதற்கும் இசைந்திருக்கவே வேண்டியதில்லை. அவர் ‘விற்காதே’ என்று சொல்லும்வரை நிறுவனம் தரவை விற்கலாம். அவர் செய்வது மறுப்பு.

ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரில் (GDPR) நிலைமை வேறு. இசைவின்பேரில் தரவைக் கையாள்வதானால் முதலிலேயே கேட்டாக வேண்டும். முன்கூட்டியே டிக் செய்து வைத்த கட்டம் இசைவாகாது என்று 2019 அக்டோபரில் குக்கீ (இணையத்தளம் பயனரின் கருவியில் சேமிக்கும் சிறு கோப்பு) பற்றிய வழக்கொன்றில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தந்த இசைவை எப்போதும் திரும்பப் பெறலாம். அதற்குமுன் கையாண்டது செல்லாமல் போகாது. இந்தியாவின் 2023 மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 6ஆம் பிரிவில் இப்படியே சொல்கிறது: தருவது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்கவேண்டும். ‘விலகல்’ இதற்குத்தான் பொருந்தும். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால், கலிபோர்னியாவிலும் தாம் ஏதோ இசைவு தந்துவிட்டதாகவே படிப்பவர் நினைப்பார்.

என் பரிந்துரை: ஆப்ட்-இன் (opt-in: பயனர் முதலிலேயே இசைவு தருவது) ‘முன்னிசைவு’, ஆப்ட்-அவுட் ‘மறுப்புப் பதிவு’. இரண்டு சொற்களும் வேண்டும், ஏனென்றால் 16 வயது நிரம்பாதவர் என்று தெரிந்தால் அவர் தரவை விற்கக் கலிபோர்னியாவிலும் முன்னிசைவு தேவை, 13க்குக் கீழ் என்றால் பெற்றோர் தரவேண்டும். ‘ஒப்புதல்’ வேண்டாம். ஒப்புதல் வாக்குமூலம், ஒப்புதல் அட்டை என்று அதற்கு ஏற்கெனவே வேலை அதிகம்.

---

ஐயா, வணக்கம்.

‘முன்னிசைவு’ நன்று. ‘பதிவு’தான் இடறுகிறது. இணையத்தில் அச்சொல்லைக் கண்டதும் கணக்குத் தொடங்கச் சொல்கிறார்கள் என்றே தோன்றும். மறுப்பதற்காகக் கணக்குத் தொடங்கச் சொல்லக்கூடாது என்பது கலிபோர்னியச் சட்டத்திலேயே உள்ள விதி. உலாவி தானாக அனுப்பும் மறுப்புச் சமிக்ஞையையும் நிறுவனம் ஏற்கவேண்டும். அங்கே பயனர் எதையும் பதிவதில்லை. ‘மறுப்பறிவிப்பு’ என்றால் பயனரே சொல்வது, உலாவி அனுப்புவது இரண்டும் அடங்கும்.

பொத்தானில் பெயர்ச்சொல் வேண்டாம். ‘விற்க மறுக்கிறேன்’ என்றும் எழுதிவிடக் கூடாது, விற்பவர் பயனர் என்றாகிவிடும். ‘என் தரவை விற்காதீர்கள்’ போதும். இந்தியச் சட்டப்படி இசைவுக் கோரிக்கையை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள மொழிகளிலும் படிக்க வழி தரவேண்டும். தமிழும் அதிலுண்டு. எனவே ‘இசைகிறேன்’, ‘இசைவைத் திரும்பப் பெறுகிறேன்’ ஆகிய பொத்தான் சொற்களையும் பட்டியலில் சேர்த்துவிடலாமா?