தாத்தாவின் பட்டாளக் காலத்தைத் தேடியபோது: உங்கள் அனுபவங்கள்

பாலாற்றுக்கரை:

மதராஸ் சேப்பர்ஸ், அதாவது பாலமும் பாதையும் போடும் பட்டாளப் பொறியாளர் படை பற்றி இங்கே பலருக்கும் தெரிந்திருக்கும். அந்தப் படையினரைத் ‘தம்பி’கள் என்பார்கள். என் தாத்தாவும் அந்தத் ‘தம்பி’களில் ஒருவர், 1942இல் சேர்ந்து, பர்மாவுக்குப் போய், போர் முடிந்தபின் ஊர் திரும்பியவர். அவருடைய பணிப் பதிவேட்டின் நகல் சென்ற ஆண்டு பெங்களூரிலிருந்து கிடைத்தது. உயரம், மார்பளவு, இடது புருவத்தின் மேல் ஒரு தழும்பு, தகப்பனார் பெயர், வட ஆற்காடு ஜில்லா என்று வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் கைநாட்டு இருந்தது. ரேகை சரியாக விழாமல் ஒரு பக்கம் மை அப்பிக் கிடந்தது. அதே கட்டின் கடைசித் தாளில், அவரைப் பணியிலிருந்து விடுவித்தபோது, அவர் பெயர் ஆங்கிலத்தில் கையெழுத்தாக, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக நின்றது.

எனக்குத் தெரிந்த தாத்தா, நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து முடித்த பிறகே குளிக்கப் போகிறவர். எங்கள் தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் அவரிடம்தான் வருவார்கள். பர்மாவில் சிந்த்வின் ஆற்றின் மேல் 1944 டிசம்பரில் கலேவாவில் போட்ட, ஏறத்தாழ 1,150 அடி நீளமான மிதவைப் பாலத்தை லாரியில் கடந்ததை அலுக்காமல் சொன்னவர், எழுத்துக் கற்றுக்கொண்டது பட்டாளத்தில்தான் என்பதை மட்டும் பாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. அந்தக் காட்டுக்குள், அந்த மழையில், யார் உட்கார்ந்து அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்ற கேள்வி என்னை விடவே மாட்டேன் என்கிறது.

சிவகங்கைச் சீமை:

உங்களுக்குப் பதிவேடாவது இருந்தது, ஐயா. என் தாத்தா இருந்தது ஐ.என்.ஏ.வில், ஜப்பானியர் ஆதரவோடு பிரிட்டிஷாரை எதிர்த்த இந்திய தேசிய ராணுவத்தில். மலாயாவின் பேராக்கில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தவர், 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்து தலைமையேற்ற பிறகு தோட்டத்தை விட்டுப் போய்ச் சேர்ந்தார். 1972இல் நடுவண் அரசு தியாகிகள் ஓய்வூதியத்தைக் கொண்டுவந்தபோது விண்ணப்பம் போட்டிருக்கிறார். சிறையில் இருந்ததற்குச் சான்று கேட்டார்கள்; அது கிடைக்காவிட்டால் உடன் சிறையில் இருந்தவர் சான்று தரலாம் என்று இருந்தது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அவர் இறந்த பிறகு தகரப் பெட்டியில் அந்தப் படிவத்தைக் கண்டேன். எல்லாக் கட்டங்களும் நிரப்பப்பட்டிருந்தன. உடன் இருந்தவரின் ஒப்பத்துக்கான இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அந்த இடத்தில் பென்சிலால் ஒரு பெயரை எழுதி அழித்திருக்கிறார். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் முதல் எழுத்து ‘மு’ என்று தெரிகிறது, அதற்குமேல் தெரியவில்லை.

வெள்ளைக்காரனுக்காகத் துப்பாக்கி பிடித்தவர்களின் கைநாட்டைக்கூட அறை கட்டிப் பாதுகாத்திருக்கிறார்கள். இந்த நாட்டுக்காகப் போனவர் மட்டும் சாட்சி தேடி ஊர் ஊராக அலைந்திருக்கிறார். இதை எழுதும்போதும் நெஞ்சு எரிகிறது.

நாங்குநேரிக்காரன்:

சிவகங்கை அண்ணன் மன்னிக்க வேண்டும், ‘வெள்ளைக்காரனுக்காக’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதை என்னால் ஏற்க முடியாது. 1942 பிப்ரவரி 17 அன்று சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் பிரிட்டிஷார் தங்கள் படையின் இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தபோது அங்கே நின்றவர்களில் என் தாத்தாவும் ஒருவர். அவர் ஐ.என்.ஏ.வில் சேரவில்லை. சேராதவர்களில் ஆயிரக்கணக்கானோரைக் கப்பலேற்றி நியூகினிக்கும் நியூ பிரிட்டனுக்கும் கொண்டுபோய் வேலை வாங்கினார்கள். பட்டினியாலும் நோயாலும் அங்கே செத்தவர்கள் ஏராளம். பஞ்சம் பிழைக்கப் பட்டாளத்தில் சேர்ந்த மானாவாரிக் காட்டுப் பிள்ளைகள் அவர்கள். அவர்களை நாட்டுக்கு வேண்டாதவர்கள் என்று ஒதுக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

தாத்தா சிங்கப்பூர் முகாமில் இருந்தவரை நடந்தவற்றில் ஒன்றை மட்டும்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். மலேரியாவில் அவர் விழுந்து கிடந்தபோது, அவரோடு ஒரே கூடாரத்தில் படுத்து, பிறகு ஐ.என்.ஏ.வுக்குப் போய்விட்ட ஒரு நண்பர், இரவில் கம்பிவேலியோரம் வந்து கொய்னா மாத்திரைகளை வேட்டித் துணியில் முடிந்து உள்ளே வீசினாராம். முடிச்சை அவிழ்க்கக் கையில் வலுவில்லாமல் பல்லால் கடித்து அவிழ்த்ததாகவும், கசப்பு துணியிலேயே இறங்கியிருந்ததாகவும் சொல்வார். அந்த நண்பர் யார், எந்த ஊர் என்று கேட்டால் எழுந்து போய்விடுவார்.

பணி நிறைவு ஆசிரியர்:

எல்லோருடைய பதிவுகளையும் படித்தேன். என் பெரிய தாத்தா பர்மாவில் இறந்தார். யாங்கோனுக்கு (அன்றைய ரங்கூனுக்கு) வடக்கே தௌக்யானில் உள்ள ரங்கூன் நினைவகத்தில் ஏறத்தாழ 27,000 பெயர்களுக்கு நடுவே அவர் பெயரும் இருக்கிறது. தூணில் அந்த வரியைப் படமெடுத்து வந்து என் அத்தையிடம் காட்டியபோது, அவர் அதைப் படிக்காமல் விரலால் தடவிப் பார்த்தார்.

இனித் தேடப்போகிறவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். பெயரை வைத்துத் தேடாதீர்கள். படை எண்ணை வைத்துத் தேடுங்கள். நம் பெயரை ஆங்கிலத்தில் எழுதிய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், முனுசாமி ஒரே கோப்பில் நான்கு விதமாக வருவார். எண் தெரியாவிட்டால் வீட்டில் உள்ள பதக்கங்களின் விளிம்பையும் பின்புறத்தையும் மென்மையான துணியால் துடைத்துப் பாருங்கள். இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் பலவற்றில் எண்ணும் பெயரும் பொறித்திருப்பார்கள். புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், பொறிப்பு மழுங்கிவிடும். எண் கிடைத்தபின் சேப்பர்ஸ் என்றால் பெங்களூருக்கும், மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியில் உள்ள வெலிங்டனுக்கும், தகப்பனார் பெயரையும் அன்றைய தாலுகா, ஜில்லாவையும் சேர்த்து எழுதுங்கள். இன்றைய தர்மபுரி அன்று சேலம் ஜில்லா. திருவண்ணாமலை அன்று வட ஆற்காடு.

இறந்தவர்களைத் தேடுகிறவர்கள் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பெயர்ப் பட்டியலை இலவசமாகவே பார்க்கலாம். சில பெயர்களின் கீழ் தாய் தந்தை, மனைவி, ஊர்ப் பெயர்கூட இருக்கும். எரியூட்டப்பட்ட இந்து வீரர்களுக்குக் கல்லறை இராது. ‘கல்லறை இல்லை’ என்று மனம் தளராமல், இம்பாலிலும் தௌக்யானிலும் உள்ள எரியூட்டு நினைவகங்களின் பெயர்களையும் பாருங்கள். லண்டனில் உள்ள, பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்து இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் அதிகாரிகளைப் பற்றித்தான் மிகுதியாக இருக்கிறது. சாதாரணச் சிப்பாயைத் தேடி அங்கே பணம் செலவழிக்காதீர்கள்.

கிள்ளான் பேத்தி:

தாத்தாக்களைப் பற்றியே பேச்சு போகிறது. நான் தேடுவது என் பாட்டியை. 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் ஐ.என்.ஏ.வின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படைக்கான பயிற்சி முகாம் தொடங்கியபோது, தோட்டத்திலிருந்து போன தமிழ்ப் பெண்களில் அவரும் ஒருவர் என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். பாட்டி சொன்னதே இல்லை. ஒருமுறை பொங்கலுக்கு மாவு இடிக்கும்போது என் தம்பி உலக்கையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சிப்பாய் போல நடந்து காட்டினான். பாட்டி அவனிடமிருந்து உலக்கையை வாங்கி, குதிகாலை இழுத்து ஒட்டி, உலக்கையை மூக்குக்கு நேரே செங்குத்தாக நிறுத்தி, இடது கையை அதன் நடுவில் வைத்து அசையாமல் நின்றார். எழுபது வயதில் முதுகு அப்படி நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. ‘இப்படிப் பிடிக்கணும்’ என்று சொல்லிவிட்டு மறுபடி இடிக்க உட்கார்ந்துவிட்டார்.

ஆசிரியர் ஐயா சொன்ன வழிகள் எதுவும் எனக்குப் பயன்படாது. பாட்டியிடம் பதக்கமும் இல்லை, படை எண்ணும் இல்லை. அந்த முகாமுக்குப் போன, மலாயாவின் சிலாங்கூர் தோட்டத்துப் பெண்களின் குழுப் படம் யார் வீட்டிலாவது இருந்தால், பின்புறத்தில் எழுதியிருப்பதையும் சேர்த்து எடுத்து அனுப்புங்கள். முகத்தைப் பார்த்தால் அம்மாவுக்கு அடையாளம் தெரியும், அம்மாவுக்கும் வயதாகிவிட்டது.