தூசி அலர்ஜி மூக்கடைப்பு: குழந்தைக்கு உப்புநீர் பழக்கியவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் 9 வயது மகளுக்குத் தூசி அலர்ஜி. படுத்ததும் ஒரு பக்க மூக்கு அடைக்கிறது. திரும்பிப் படுத்தால் மறுபக்கம். வாயால் மூச்சுவிட்டே தூங்குகிறாள். காலையில் உதடு காய்ந்து வெடித்திருக்கிறது, பார்க்கவே மனசு கேட்கவில்லை.

சளிதான் அடைக்கிறது என்று நினைத்திருந்தேன். மூக்கின் உள்சவ்வு வீங்குவதுதான் முக்கியக் காரணம், அதனால்தான் எவ்வளவு சிந்தினாலும் திறக்கவில்லை என்று டாக்டர் விளக்கினார். ஸ்டீராய்டு ஸ்பிரே தந்திருக்கிறார். முழுப் பலன் தெரிய 2 வாரம்கூட ஆகலாமாம். இன்று 5ஆம் நாள்.

உப்புநீரால் மூக்கைக் கழுவவும் சொன்னார். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துத் தயாராக வைத்தாலும், பாட்டிலைக் கண்டதும் அழுகிறாள். உங்கள் குழந்தைகளை எப்படிப் பழக்கினீர்கள்? அப்புறம், தலையணைக்குத் தூசிப்பூச்சி புகாத உறை போட்டவர்களுக்கு இரவில் வித்தியாசம் தெரிந்ததா?