நாற்பதுக்கு நாற்பது ஆனதும் கேம் ஏன் சட்டென்று முடிந்துவிடுகிறது?

வில்லிவாக்கம் பாட்டி:
2022 செப்டம்பரில் நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் சென்னை ஓப்பன் மகளிர் டென்னிஸ் நடந்தபோது என் பேத்தி என்னை இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு ஒற்றையர் ஆட்டம்தான் குறி. எனக்குப் பிடித்துப்போனது இரட்டையர். நான்கு பெண்கள் வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பந்தைத் தரையில் விழவிடாமல் அடித்துக்கொள்வதைப் பார்க்கக் கண் கொடுத்து வைத்திருக்க வேண்டும். கனடாவின் டப்ரோவ்ஸ்கியும் பிரேசிலின் ஸ்டெஃபானியும் இறுதி ஆட்டத்தில் பிளின்கோவா, ஜலமிட்சே ஜோடியை 6-1, 6-2 என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பாப்கார்ன் பாதி தீர்வதற்குள் ஆட்டம் தீர்ந்துவிட்டது.

என் சந்தேகம் இதுதான். நாற்பதுக்கு நாற்பது ஆனால் டியூஸ், அதாவது சமநிலை; பிறகு ஒரு புள்ளி எடுத்தவர்களுக்கு அட்வாண்டேஜ், அடுத்ததை விட்டால் மறுபடியும் டியூஸ் என்று இழுத்துக்கொண்டே போகும் அல்லவா? அங்கே ஒரே புள்ளியில் கேம் முடிந்தது. ஸ்கோர் போர்டு கெட்டுவிட்டது என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் வாதாடினேன். ஆனால் விம்பிள்டன் இரட்டையரை டிவியில் பார்த்தால் பழையபடி இழுக்கிறார்கள். ஒரே விளையாட்டுக்கு இரண்டு சட்டமா?

இன்னொன்று: வலையருகே நிற்கும் பெண் முதுகுக்குப் பின்னால் கையை வைத்து என்னவோ காட்டுகிறாளே, அது என்ன? பேத்தியைக் கேட்டால், "இணையத்தில் தேடிப் பாருங்கள் பாட்டி" என்கிறாள். தேடத் தெரிந்தால் உங்களை ஏன் தொந்தரவு செய்கிறேன்?

கோட்டோர நடுவர்:
ஸ்கோர் போர்டு மேல் தப்பில்லை, அம்மா. மகளிர் டென்னிஸ் சங்கத்தின் சுற்றுப் போட்டிகளில் இரட்டையருக்கு அட்வாண்டேஜ் கிடையாது. நாற்பதுக்கு நாற்பது ஆனால் அடுத்த புள்ளியை எடுப்பவர்களுக்கு கேம். அந்தப் புள்ளியில் ஒரு சூட்சுமம் உண்டு. சர்வீஸ் வலப் பக்கம் வர வேண்டுமா, இடப் பக்கம் வர வேண்டுமா என்பதை வாங்கும் ஜோடி தீர்மானிக்கும். ஒரு செட் முழுவதும் ஆளுக்கொரு பக்கத்தைப் பிடித்து நிற்பதால், பக்கத்தைத் தேர்ந்தெடுப்பது ஆளைத் தேர்ந்தெடுப்பதுதான். அன்றைக்கு யாருக்குக் கை நன்றாக ஓடுகிறதோ அவர் வாங்குவார். சர்வீஸ் போடும் ஜோடிக்கு அதில் பேச்சே இல்லை.

ஆளுக்கொரு செட் எடுத்துவிட்டால் மூன்றாவது செட்டும் கிடையாது. அதற்குப் பதில் பத்துப் புள்ளி டைபிரேக்கர்: முதலில் பத்துப் புள்ளி எடுப்பவர்களுக்கு ஆட்டம், ஆனால் இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும். காரணம் நேரம்தான். ஒரே கோர்ட்டில் ஒற்றையரையும் முடிக்க வேண்டும், மழைக்கும் இடம் விட வேண்டும். ஒற்றையர் ஆடுகிறவர்களும் மூன்று மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்ற பயமில்லாமல் இரட்டையருக்குப் பெயர் கொடுக்கலாம். விம்பிள்டனுக்கு இரண்டு வாரம் இருக்கிறது, கோர்ட்டும் ஏராளம். அதனால் பழைய முறையிலேயே ஆடுகிறார்கள்.

பழைய மட்டை:
நேரமாம், நேரம்! 2015 விம்பிள்டன் இறுதியில் சானியாவும் ஹிங்கிஸும் மகரோவா, வெஸ்னினா ஜோடியிடம் முதல் செட்டை 5-7 என்று விட்டார்கள். இரண்டாவதை டைபிரேக்கரில் பிடித்தார்கள். மூன்றாவதில் 2-5 என்று பின்தங்கி, 5-5 என்று எழுந்து வந்தபோது இருட்டிவிட்டது. கூரையை மூடி, விளக்கைப் போட்டு ஆட வைத்தார்கள். 7-5. மகளிர் இரட்டையரில் இந்தியப் பெண் ஒருத்தி வாங்கிய முதல் கிராண்ட் ஸ்லாம் பட்டம் அது. சென்னையில் வைத்திருந்த விதியில் அந்த மூன்றாவது செட்டே இருந்திருக்காது. எதை மிச்சம் பிடித்து என்ன செய்யப்போகிறார்கள்?

கோட்டோர நடுவர்:
ஐயா, பத்துப் புள்ளியிலும் உயிர் போய் உயிர் வரும். டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலத்துக்கான ஆட்டம். பிரேசிலின் பிகோசி, ஸ்டெஃபானி ஜோடி அந்த டைபிரேக்கரில் 5-9 என்று நின்றது. எதிரணிக்கு நான்கு மேட்ச் பாயின்ட், அதாவது இன்னும் ஒரே புள்ளி எடுத்தால் ஆட்டம் அவர்களுக்கு; அதற்கு நான்கு வாய்ப்பு. அங்கிருந்து வரிசையாக ஆறு புள்ளி எடுத்து 11-9. பிரேசிலுக்கு டென்னிஸில் முதல் ஒலிம்பிக் பதக்கம்.

பாட்டி நுங்கம்பாக்கத்தில் பார்த்தது இதே ஸ்டெஃபானியைத்தான். 2021 அமெரிக்க ஓப்பன் அரையிறுதியில் டப்ரோவ்ஸ்கியோடு ஆடும்போது முழங்கால் தசைநார் அறுந்து, சக்கர நாற்காலியில் வெளியேறினார். ஒரு வருடம் கழித்து அவர் திரும்பி வந்து ஆடிய முதல் போட்டி சென்னை. துணையும் அதே டப்ரோவ்ஸ்கி.

இடக்கை மீனா:
கை ஜாடைக்கு நான் பதில் சொல்கிறேன், பாட்டி. கல்லூரி அணியில் இரட்டையர் ஆடியவள். விரல் காட்டுவது சர்வீஸ் எந்தத் திசையில் போக வேண்டும் என்பதற்கு. மூடிய கை என்றால் "நான் இருந்த இடத்திலேயே இருப்பேன்", விரித்த கை என்றால் "பந்தைக் குறுக்கே பாய்ந்து பிடிப்பேன், நீ என் இடத்தை மூடு." இது பொது வழக்கம்; ஜோடிக்கு ஜோடி மாறும். முதுகுக்குப் பின்னால் வைப்பது எதிரணி பார்க்கக் கூடாது என்றுதான். ஒருமுறை என் துணை கையை விரித்தாளா, மூடினாளா என்று வெயிலில் சரியாகத் தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டேன். இருவரும் ஒரே பக்கம் ஓடினோம். பந்து காலியான பக்கம் நிதானமாகப் போய் விழுந்தது. அன்று மாலை வரை அவள் என்னோடு பேசவில்லை.

வில்லிவாக்கம் பாட்டி:
எல்லோருக்கும் நன்றி. ஒரு வருடம் முடங்கிக் கிடந்த கால் அது என்று அன்றைக்கே தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் பலமாகக் கை தட்டியிருப்பேன். மீனா, உன் துணை பேசாமல் இருந்தது நியாயம்தான்.

நீலச் சட்டை போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, "விதியே அப்படித்தான், அம்மா" என்று மூன்று முறை சொன்னவர் இதைப் படித்தால் மன்னித்துக்கொள்ளவும். மிச்சப் பாப்கார்னை உங்களிடம் நீட்டியிருக்கலாம்.