வளைவுப் படிக்கட்டு: வாங்கும்போதும் மாட்டும்போதும் உங்களுக்கு நடந்தது என்ன?

கூடத்துவாசல்

வளைவுப் படிக்கட்டு போட்டவங்க, கொட்டேஷன் வாங்கிட்டு வேண்டாம்னு விட்டவங்க, யாரா இருந்தாலும் இன்னும் மனசுல உறுத்திட்டு இருக்கிற ஒண்ணை இந்த இழையில உங்க புனைபெயர்ல எழுதுங்க. நான் ஆரம்பிக்கிறேன்.

அட்வான்ஸ் கொடுக்கிற கட்டம். கம்ப்யூட்டர்ல காட்டின படிக்கட்டு அவ்வளவு அழகு. "உள்பக்கம் படி எவ்வளவு அகலம் வரும்?"னு கேட்டேன். விற்பனையாளர் பதில் சொல்லாம படத்தை ஒரு சுத்து சுத்திக் காட்டினார். மறுபடி கேட்டேன். மறுபடியும் சுத்தினார்.

எங்க ஆசாரி அந்த ட்ராயிங்கை வாங்கிப் பார்த்துட்டு ஆணி, நூல், சாக்பீஸ் எடுத்துட்டு வந்தார். வெறும் தரையில ஆணியை நட்டு, உள்வட்டத்துக்கு ஆரம் 450 மில்லிமீட்டர், வெளிவட்டத்துக்கு 1450னு முழு அளவுக்கே வரைஞ்சு, படிக்கோடுகளையும் இழுத்தார். எங்க அம்மாவைக் கூப்பிட்டு, "வழக்கமா எப்படி இறங்குவீங்களோ அப்படியே நடங்கம்மா"ன்னார். அம்மாவுக்கு மூட்டுவலி, உள்கைப்பிடியைப் பிடிச்சுத்தான் இறங்குவாங்க. அந்த ஓரமாவே நடந்தாங்க. ஒவ்வொரு அடியிலும் குதிகால் ஒரு படியில, விரல் அடுத்த படியில. ஆசாரி உள்ஓரத்துல டேப் வச்சார், 156. அம்மா பாதம் 230. "மீதிக்காலை எங்கேப்பா வைக்கிறது?"ன்னு அம்மா கேட்டாங்க. அட்வான்ஸ் அன்னைக்கே நின்னுபோச்சு. ஆனா அந்தக் கேள்விக்கு நேரா ஒரு எண் சொல்ல அந்த மனுஷனுக்கு ஏன் வாய் வரலைங்கிறதுதான் எனக்கு இன்னும் ஆறலை.

ரசமட்டம்

உங்களுக்குக் காசு கொடுக்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுது அக்கா. எங்களுக்கு வந்து இறங்கினப்புறம்.

இரும்புப் படிக்கட்டு, பட்டறையிலயே முழுசா செஞ்சு வந்தது. அளவெடுக்க வந்தவர் கீழ்த்தளத்துல வெறும் கான்கிரீட் மேல டேப்பை வச்சார். டைல்ஸும் அடிப்பூச்சும் சேர்த்து 50 மி.மீ. வரும்னு சுவத்துலயே கோடு போட்டு வச்சிருந்தோம். கோட்டைக் காட்டினேன். "அதெல்லாம் கணக்குல இருக்கு சார்"னார். டைல்ஸ் போட்டப்புறம் 170 இருக்கவேண்டிய முதல் படி 120ல நின்னுது. மொத்தமாத் தூக்கி வைக்கலாம்னா மேல்தளத்துப் பூச்சு ஏற்கெனவே முடிஞ்சாச்சு, அந்தக் குறை அப்படியே மேல் படிக்குப் போகும்.

"கால் பழகிடும்"னாங்க. வீட்டுல இருக்கிறவங்களுக்குச் சரி. என் மாமனார் முதல் தடவை மாடியிலேருந்து இறங்கினார். மேலேருந்து எல்லாப் படியும் ஒரே அளவு, அவர் கால் அந்தத் தாளத்துலயே வந்தது. கடைசியில தரை முன்கூட்டியே வந்து இடிச்சுது. கை கைப்பிடியைத் தேடிப் போச்சு, அதுவும் ஒரு படிக்கு முன்னாடியே முடிஞ்சிருந்தது. விழலை, ஆனா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசாம உட்கார்ந்திருந்தார். "கால் பழகிடும்"ங்கிற வார்த்தையை இப்ப யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வருது.

தாழ்வாரம்

கைப்பிடிக்குக் கீழே நிக்கிற தடுப்புக் கம்பிக்குக் கொட்டேஷன்ல "படிக்கு 2 கம்பி"ன்னு ஒரே வரி. உள்பக்கம் எங்க படி 195 அகலம், அங்க ரெண்டு போதும். அதே படி வெளிப்பக்கம் 412 விரியுது. அங்கேயும் ரெண்டுதான் நட்டுட்டுப் போனாங்க.

அண்ணன் பொண்ணுக்கு அப்ப ரெண்டு வயசு. மேல்படியில உட்கார்ந்து கம்பிக்கு நடுவுல எட்டிப் பார்க்கிறா. தலையும் ஒரு தோளும் வெளியே. அண்ணி கத்தலை. கத்தினா குழந்தை திடுக்கிடும்னு சத்தமில்லாம பின்னாடி போய்ச் சட்டையைப் பிடிச்சு இழுத்தாங்க. பிடிச்சப்புறம்தான் அழுதாங்க.

மாட்டினவர்கிட்ட கேட்டா, "கம்பி கூட்டினா டிசைன் கெட்டுடும்"னார். 100 மில்லிமீட்டர் உருண்டை நுழையக் கூடாதுன்னு பல நாடுகள்ல விதியே இருக்கு. எங்க 16 மி.மீ. கம்பிக்கு வெளிப்பக்கம் மூணு போட்டாக்கூட இடைவெளி 121 வருது. நாலு போட்டாத்தான் 87. நாலாக்கினோம், எங்க செலவுலதான்.

தூக்குக்குண்டு

என் கதை சின்னது. வளைச்ச கண்ணாடித் தடுப்பு வந்துது, கீழ்மூலை ஒண்ணு 5 மி.மீ. இடிச்சுது. மாட்ட வந்த பையன் கிரைண்டரை எடுத்தான். டஃபன்ட் கிளாஸை, அதாவது சூடேத்தி உறுதியாக்குற கண்ணாடியை, உலையில ஏத்தி இறக்கினப்புறம் வெட்டவும் கூடாது, துளை போடவும் கூடாது. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அத்தனை பெரிய கண்ணாடியும் ஒரே நொடியில பொடியாச் சரிஞ்சுது. அவன் முகம் வெளிறிப்போச்சு. அவனுக்கு அதை யாருமே சொல்லித் தரலை.

கூடத்துவாசல் மேடம், உங்க ஆசாரி செஞ்சது அருமையான வேலை. ஆனா அதைப் படிச்சுட்டு வளைவுன்னாலே ஆபத்துன்னு யாரும் முடிவு கட்டிடக் கூடாது. குறை வளைவுல இல்லை, ஆரத்துல. தரைக்கும் மேல்தளத்துக்கும் நடுவுல 3060 மி.மீ. உயரத்தை எடுத்துக்கோங்க. 18 ஏற்றம் (ஒரு படிக்கும் அடுத்ததுக்கும் உள்ள உயரம்), ஒண்ணு 170, நடுவுல 17 மிதிபடி (கால் வைக்கிற இடம்). உள்ஓரத்துலேருந்து 300 தள்ளி ஒரு நடைக்கோடு போடுங்க, பெரும்பாலானவங்க கால் அங்கதான் விழும். அந்தக் கோட்டுல படி 260 இருக்கணும். ஏற்றத்தை இரட்டிச்சு மிதியைக் கூட்டினா 600லேருந்து 640க்குள்ள வரணும். 17ஆம் நூற்றாண்டுல பிரான்சுக் கட்டடக்கலைஞர் ப்ளோன்டெல் சொன்ன கணக்கோட வழிதான் இது. 170, 170, 260 சேர்ந்தா 600, சரியா வருது. உங்க உள் ஆரம் 450ங்கிறதால படிக்குக் கிட்டத்தட்ட 20 டிகிரி திரும்புது, 17 படியில 338 டிகிரி, ஏறக்குறைய முழுச்சுத்து. அதனாலதான் உள்ஓரம் 156. அதே ஆரம் 900 ஆனா படிக்கு 12.4 டிகிரி, மொத்தம் 211, உள்ஓரம் 195. தாழ்வாரம் சொல்ற அளவும் இதேதான். ஆனா அதுக்கு வெளிவிட்டம் 3.8 மீட்டர் இடம் வேணும். இடம் இல்லாத வீட்டுல இதைத் திணிக்கிறதுதான் தப்பு.

மேல் ஸ்லாப்புல விடுற திறப்பையும் இப்பவே பாருங்க. ஏறும்போது தலைக்கு மேல 2 மீட்டராவது எந்தப் படியிலும் குறையக் கூடாது. வளைவுல எந்தப் படியில இடிக்கும்னு பிளானைப் பார்த்தா தெரியாது, படிக்குப் படி உயரம் எழுதிப் பார்க்கணும். மரக் கைப்பிடின்னா மெல்லிய பட்டைகளை ஒட்டி அச்சுல இறுக்கித்தான் வளைப்பாங்க. அச்சுலேருந்து எடுத்ததும் கொஞ்சம் விரியும், அதனால அனுபவசாலி அச்சையே சற்று இறுக்கமாப் பண்ணுவார். கல் பதிக்கிறவங்க, படி ஆப்பு வடிவம்ங்கிறதால கல்பலகையில அகலமான முனையும் குறுகின முனையும் மாத்தி மாத்தி அடுக்கி வெட்டச் சொல்லுங்க, கழிவு நல்லாக் குறையும். பட்டறையில முழுசா செஞ்சு வர்றதுன்னா, வாசல் வழியா நுழையுமான்னு பட்டறைக்காரரையே வந்து பார்க்கச் சொல்லுங்க.

ரசமட்டம்

தூக்குக்குண்டு சார், கணக்கு எல்லாம் சரி. ஆனா ஆரம் 900 இருந்தாலும் என் மாமனார் இடறியிருப்பார். கணக்கு தெரியாததால எங்க வீட்டுல இது நடக்கலை. சுவத்துல போட்டிருந்த கோட்டைப் பார்க்க அளவெடுத்தவருக்குப் பொறுமை இல்லை. அதுக்குச் சூத்திரம் கிடையாது.

முற்றம்

யாரும் இதைச் சொல்லலையேன்னு எழுதுறேன். ராத்திரி அப்பாவுக்கு மாடியில மூச்சு முட்டிடுச்சு. ஆம்புலன்ஸ்ல வந்த ரெண்டு பேரும் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிட்டு வந்து, வளைவைப் பார்த்ததும் நின்னுட்டாங்க. திரும்பாது. அப்பாவை நாற்காலியில உட்காரவச்சு, போர்வையால கட்டி, முன்னாடி ஒருத்தர் பின்பக்கமா இறங்கினார். படி முழுக்க ஒரே வெள்ளைப் பளிங்கு, விளிம்பு எங்கேன்னு அவருக்குத் தெரியலை. ஒவ்வொரு படிக்கும் காலால தடவிப் பார்த்துட்டு, "முடிஞ்சுதா, இன்னும் இருக்கா?"ன்னு கேட்டுக்கிட்டே இறங்கினார். நான் பக்கத்துல டார்ச் பிடிச்சுக்கிட்டு "இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு"ன்னு சொல்லிட்டே வந்தேன். அப்பா பிழைச்சுட்டார். அந்தக் குரல் என்னை விடலை.

படிக்கட்டு வாங்கப் போனப்ப பளிங்கோட நிறத்தைப் பத்தி அவ்வளவு பேசினாங்க. ஒரு ஆளை இது வழியா எப்படிக் கீழே கொண்டு வர்றதுன்னு விக்கிறவங்க வாயில ஒரு வார்த்தை வரலை.

செங்கல்கட்டு

முற்றம் எழுதினதைப் படிச்சுட்டு என்னோடதைச் சொல்லவே தயக்கமா இருக்கு, ஆனாலும் நல்லபடியா முடிஞ்சதும் ஒண்ணு இருக்கட்டும். எங்களோடது கான்கிரீட். நடுவுல தூண் இல்லாம எப்படி நிக்கும்னு கேட்காத சொந்தக்காரங்க இல்லை. அமெரிக்காவுல சான்டா ஃபே நகரத்து லொரெட்டோ தேவாலயத்துல 33 படி, ரெண்டு முழுச்சுத்து, நடுத்தூண் இல்லாத மரப் படிக்கட்டு 19ஆம் நூற்றாண்டுலேருந்து நிக்குது. அதைச் சொன்னாலும் யாருக்கும் நம்பிக்கை வரலை.

சென்ட்ரிங் (கான்கிரீட் ஊத்துறதுக்கான அச்சு) ஆளுங்க பிளைவுட்டை மெல்லிய பட்டையா அறுத்து ஒண்ணொண்ணா வளைச்சு அடிச்சதை நாள் முழுக்க நின்னு பார்த்தேன். எனக்கு மறக்காதது அது இல்லை. அடியில தாங்கி நிக்கிற முட்டுக்கம்பிகளைப் பிரிக்கிற நாளுக்கு முன்னாடியே மேஸ்திரி, "மேல கெட்டியாயிடுச்சும்மா, எடுத்துடலாம்"னு கம்பியை நெம்பப் போனார். இன்ஜினியர் பொண்ணு, அவரைவிட ரொம்ப சின்னவங்க, ஓடிவந்து முட்டுக்கும் அவருக்கும் நடுவுல நின்னாங்க. "இது நேர் ஸ்லாப் இல்லண்ணே, முறுக்கிக்கிட்டு நிக்குது. ரெண்டு முனையும் பலம் பிடிக்காம நான் விடமாட்டேன்"னாங்க. மேஸ்திரி முறைச்சார், அவங்க நகரலை. அந்தப் பொண்ணு அன்னைக்கு வேற சைட்டுல இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைக்கிறப்ப இப்பவும் வயித்தைக் கலக்குது.

தாழ்வாரம்

முற்றம், அப்பா நல்லா இருக்கார்னு கேட்டது ஆறுதல். அந்த விளிம்புக்கு அப்புறம் என்ன செஞ்சீங்க? எங்களோடதும் ஒரே நிறக் கல்தான்.

முற்றம்

பளிங்கைப் பெயர்க்கலை. ஒவ்வொரு படியிலும் விளிம்பை ஒட்டிக் காடி வெட்டி, கறுப்புக் கல் பட்டை பதிச்சோம். படி ஆப்பு வடிவம்னாலும் முன்விளிம்பு நேர்கோடுதான், அதனால வெட்ட சிரமம் இல்லை. பட்டை படியோட மட்டத்துக்கே இருக்கணும், தூக்கி நின்னா அதுவே தடுக்கும். பதிச்சதும் மேல கையை வச்சுத் தடவிப் பாருங்க. உள்ஓரத்துலேருந்து வெளிஓரம் வரைக்கும் பட்டையை விடாம இழுக்கச் சொல்லுங்க, நடுவுல மட்டும் போட்டுத் தர்றேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. அப்பா படுக்கையைக் கீழே மாத்தியாச்சு.