ஒரு கப் மாவின் எடை: சொல் வேண்டும், அவசரம்

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். ஒரு சமையல் நூலைத் தமிழாக்கம் செய்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் ஓர் அட்டவணை: 240 மில்லி கப்பில் மைதா 120 கிராம், சர்க்கரை 200, தண்ணீர் 240. ஒரு கப் கொள்ளும் பொருளின் எடை என்பதற்கு ஒரே சொல் வேண்டும். தலைப்புக் கட்டம் மிகச் சிறியது. 'அடர்த்தி' என்று போட்டால் அறிவியல் பாடம் போல இருக்கிறது என்கிறார் பதிப்பாசிரியர்.

தமிழாசிரியர், தஞ்சை:
தம்பி, எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று நமக்கு அளவை நான்கு. முகந்த பொருளின் எடை, முக + எடை, வகர உடம்படுமெய் பெற்று 'முகவெடை'. வினைத்தொகை, மூன்று காலத்துக்கும் பொருந்தும். தொல்காப்பியரும் தொகைமரபில் 'அளவிற்கும் நிறையிற்கும்' என்று இரண்டையும் பிரித்தே வைக்கிறார். உழக்கும் நாழியும் கலமும் அளவு. கழஞ்சும் தொடியும் பலமும் நிறை. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. இவ்வளவையும் வைத்துக்கொண்டு 'கப்' எதற்கு? உழக்கு என்று எழுதுங்கள்.

கேக் செய்து விற்கும் உறுப்பினர், சென்னை:
ஐயா, உழக்கு 240 மில்லி இல்லையே. மரக்காலும் படியும் ஊருக்கு ஊர் மாறியவை. குவளை என்றாலும் எந்தக் குவளை என்று கேட்பார்கள். அப்புறம், 'முகவெடை' என்றால் முகத்தின் எடை என்றுதான் எனக்குப் படுகிறது. முகம் + எடையும் 'முகவெடை'தான்; மகர ஈறு கெட்டு உயிரீறு போலப் புணரும் என்று நன்னூலே சொல்கிறதே!

என் கவலை வேறு. மாவை ஸ்பூனால் கப்பில் போட்டுத் தலைதட்டினால் 120 கிராம். கப்பையே டப்பாவுக்குள் விட்டு அள்ளினால் மாவு அமுங்கி 140, சில சமயம் 150கூட வரும். அந்த 30 கிராமில் கேக் வறண்டு கட்டியாகிவிடும். எப்படி அளந்தது என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். 'தலைதட்டெடை' என்றால் என்ன?

தமிழாசிரியர், தஞ்சை:
அம்மா, அருமை. 'ஆழ அமுக்கி முகக்கினும் ஆழ்கடல்நீர் நாழி முகவாது நானாழி' என்று மூதுரை சொல்வது நீருக்குத்தான். மாவு அமுக்க அமுக்க அதே நாழியில் கூடுதலாக ஏறும். அதனால்தான் முகத்தல் என்ற வினையே பெயரில் இருக்க வேண்டும் என்கிறேன். 'தலைதட்டு' முகக்கும் முறை மட்டுமே. அது அடைமொழியாக வரட்டும்: தலைதட்டிய முகவெடை. முகத்தின் எடையை யாரும் சமையல் நூலில் தேடப்போவதில்லை.

யாழ்ப்பாணத்து உறுப்பினர்:
ஒரு எச்சரிக்கை. நீங்கள் எடை என்பதை எங்கள் பாடநூல்கள் நிறை என்கின்றன. நீங்கள் நிறை என்பது எங்களுக்குத் திணிவு. ஆகவே, தொல்காப்பியத்தைக் காட்டி 'நிறை'யை மட்டும் தலைப்பில் கொண்டுவந்துவிடாதீர்கள். எங்கள் வீடுகளில் சுண்டு என்ற சிறு அளவைப் பாத்திரத்தால் அளக்கும் பழக்கம் உண்டு. கப் என்றாலும் விளங்கும். ஆனால் அவுஸ்திரேலியாவில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கு ஒரு கப் 250 மில்லி. எந்தச் சொல்லைப் போட்டாலும் மில்லிக் கணக்கைப் பக்கத்தில் போடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் நன்றி. பெரும்பாலோர் தனிமடலில் 'கப் எடை' போதும் என்கிறார்கள். அட்டவணையில் அதையே போடுகிறேன். அதன் மேலே 'கப் 240 மில்லி. மாவை ஸ்பூனால் போட்டு, அமுக்காமல், தலைதட்டி அளந்தது' என்று ஒரு வரி. 'முகவெடை' நூலின் பின்னால் சொல்லடைவில் வரும்.

தமிழாசிரியர், தஞ்சை:
சொல்லடைவில் ஒளித்து வைத்தால் யார் பழகுவார்கள்? 'கப் எடை'யில் கப்பின் எடையா, கப்பில் உள்ளதன் எடையா? தராசில் வெறும் கப்பை வைத்து முதலில் கழிக்கச் சொல்லும் நூலில் இந்தக் குழப்பம் வரவே கூடாது. என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். அடுத்த பதிப்புக்குள் இதை மறுபடி எடுப்போம்.